மாசு மண்ணை லேபுக்கு எடுத்துப்போவது: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கிணற்றில் பெட்ரோல் வாடை. பக்கத்து பங்க் ஓரத்து மண்ணை டப்பாவில் அள்ளி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தோம். பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சு ரசாயனம் இல்லை என்கிறது அறிக்கை. நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள், மறுபடி எடுங்கள். மண்ணைக் கிளறி அள்ளும்போதே பென்சீன் ஆவியாகிவிடும். மிஞ்சியதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்னும். ஐஸ் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.

புதிதாக வெட்டிய மண்ணில், நுனி நறுக்கிய பிளாஸ்டிக் சிரிஞ்சைக் குத்தி 5 கிராம் எடுங்கள். லேபில் மெத்தனால் (பென்சீனைக் கரைத்துப் பிடித்துவைக்கும் ஆல்கஹால்) ஊற்றி எடைபோட்டுத் தந்த 40 மி.லி. குப்பிக்குள் அதை உடனே தள்ளி மூடுங்கள். மண் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். திருகுமரையில் மணல் ஒட்டினால் மூடி இறுகாது, ஆகவே துடைத்துவிட்டு மூடுங்கள். குப்பியில் புது லேபிள் ஒட்டினால் எடைக் கணக்கு கெட்டுவிடும். ஈரப்பதம் பார்க்க மெத்தனால் படாத மண்ணும் ஒரு புட்டி வேண்டும். 14 நாளுக்குள் சோதனை முடியட்டும்.

மாசு மிகக் குறைவு என்று தோன்றினால் மெத்தனால் வேண்டாம், அது அளவை நீர்க்கச் செய்துவிடும். வெறும் குப்பியில் எடுத்து, 48 மணி நேரத்துக்குள் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே உறைய வையுங்கள். குப்பியைப் படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் விரிசல் விடலாம்.

கேள்வி: தண்ணீர் மாதிரியில் விடுவதுபோல் மண்ணிலும் நைட்ரிக் அமிலம் விடலாமா?

பதில்: கூடாது. தண்ணீரில் உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டாதிருக்கத்தான் அமிலம். சுண்ணாம்பு மண்ணில் விட்டால் நுரைத்துப் பொங்கும்.

கேள்வி: ராணிப்பேட்டை குரோமேட் கழிவு கலந்த மண்ணை வெயிலில் உலர்த்தி அனுப்பலாமா?

பதில்: எதை அளக்கப் போகிறீர்கள்? மொத்தக் குரோமியம் என்றால் உலர்த்தலாம், 6 மாதம் வரை வைக்கலாம். கவலைக்குரியது குரோமியம் 6 என்ற நச்சு வடிவம். அதற்கு மண் ஈரமாகவே, 6 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 30 நாளுக்குள் காரக் கரைசலில் பிரித்தெடுத்து, அடுத்த 7 நாளுக்குள் அளக்க வேண்டும். உலர்த்தினால் குரோமியம் 6 குரோமியம் 3 ஆக மாறக்கூடும், நச்சு குறைவென்று தவறான முடிவு வரும். எவர்சில்வர் கரண்டியிலேயே குரோமியம் உண்டு, பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளுங்கள். பாதரசம் பார்ப்பதானால் கெடு 28 நாள். சூட்டில் காயவைக்கவே கூடாது.

கேள்வி: பூச்சிமருந்து எச்சத்துக்கு பிளாஸ்டிக் பை போதுமா?

பதில்: போதாது. டெஃப்லான் உள்மூடி போட்ட பழுப்புக் கண்ணாடிப் புட்டி, 6 டிகிரிக்குள், 14 நாளுக்குள் பிரித்தெடுப்பு. பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத ஃபுளூரின் ரசாயனங்கள்) சோதனைக்கு நேர்மாறு: டெஃப்லானும் ஃபுளூரின் பொருளே, ஆகவே அது கிட்டேயே வரக்கூடாது, ஹெச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் புட்டிதான்.