ஸ்லாப் சிட்டிக்கு ஆர்வியில் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கலிபோர்னியாவில் நைலண்ட் ஊருக்குப் பக்கத்தில், கரண்ட், குழாய்த் தண்ணீர், சாக்கடை எதுவும் இல்லாத பாலைவனத்தில் மக்கள் ஆர்விகளிலும் (படுக்கை, சமையலறை உள்ள வண்டி வீடுகள்) கூடாரங்களிலும் வாழும் இடம் ஸ்லாப் சிட்டி. குளிர்காலத்தில் அங்கே போய்த் தங்குவது என் வழக்கம் என்பதால் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

எந்த மாதம் நல்லது அண்ணா?
நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் வெயில் 48 டிகிரி செல்சியஸைத் தொடும், குழந்தைகளோடு அப்போது போகவே போகாதீர்கள்.

கரண்ட், தண்ணீர் கனெக்‌ஷனோடு இடம் புக் பண்ண முடியுமா?
முடியாது. புக்கிங்கும் இல்லை, கட்டணமும் இல்லை. குடிக்க மட்டுமே ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், நைலண்ட் சின்ன ஊர் என்பதால் இண்டியோவிலோ பிராலியிலோ டேங்கை நிரப்பிவிடுங்கள். எல்லோரும் நல்ல தண்ணீரைப் பற்றியே யோசிக்கிறார்கள், ஆனால் முதலில் நிறைவது கழிவு டேங்க்தான்! அதைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். குழம்புப் பாத்திரத்தை டிஷ்யூவால் நன்றாகத் துடைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் அடித்துக் கழுவினால் ஒரு வேளைப் பாத்திரம் முழுவதும் ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும்.

சோலாரில் ஏசி ஓடுமா?
கூரை ஏசி ஒன்றே 1,500 வாட் அளவுக்கு இழுக்கும். 200 வாட் பேனலை நம்பி விளக்கு, போன், தண்ணீர் மோட்டாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ராத்திரியில் ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள், சுற்றிலும் ஆட்கள் தூங்குகிறார்கள்.

சால்வேஷன் மலை மேல் ஏறலாமா?
மஞ்சள் பெயின்ட் அடித்த பாதையில் மட்டும். அது கையால் கட்டி பெயின்ட் அடித்த குன்று. லியனார்ட் நைட் என்ற தனி மனிதர் 1984-இல் கட்டத் தொடங்கினார், முதலில் கட்டியது 1989-இல் சரிந்து விழுந்தது. மனிதர் அசரவில்லை, களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து மறுபடி எழுப்பி, ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்த பெயின்டைப் பூசிக்கொண்டே இருந்தார். 2014-இல் காலமானார். இன்று தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறார்கள். பெயின்ட் தோலுக்குள்ளே இருப்பது வெறும் மண், மழை பெய்த ஈரத்தில் காலை வைத்தால் அப்படியே பெயர்ந்து வரும்.

அரசு நிலம்தானே, நம்ம ஊர்ப் புறம்போக்கு மாதிரி. உள்ளே போய் போட்டோ எடுக்க யாரைக் கேட்க வேண்டும்?
இதே கேள்வியைப் பலரும் கேட்டு, போட்டோ எடுக்க உரிமை உண்டு என்று சண்டைக்கும் வந்துவிட்டார்கள். சரி, விவரமாகவே சொல்கிறேன். 1942-இல் அங்கே கேம்ப் டன்லப் என்ற மரைன் படைப் பயிற்சி முகாம் இருந்தது. போருக்குப் பிறகு கட்டடங்களைப் பிரித்துவிட்டார்கள், கான்கிரீட் தளங்கள் மட்டும் தங்கின, ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். நிலம் மாநில அரசுடையது, குடியிருப்பவர்களுக்குப் பட்டா கிடையாது, எல்லாம் உண்மை. ஆனால் பழைய டயரையும் மரப்பலகையையும் வரிசையாக அடுக்கி ஒருவர் எல்லை போட்டிருந்தால் அதற்குள் இருப்பது அவர் வீடு. நம் ஊரில் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர் வாசலுக்குள் கேமராவோடு நுழைவோமா? அங்கே இருப்பவர்களில் குளிருக்குத் தப்பி வந்த ஓய்வூதியக்காரரும் உண்டு, போக்கிடம் இல்லாதவரும் உண்டு. வெளியே நின்று குரல் கொடுங்கள், “வேண்டாம்” என்றால் நகர்ந்துவிடுங்கள். சட்டப் புத்தகத்தில் என்ன இருந்தாலும் என் பதில் இதுதான், இதற்கு மேல் வாதாட நான் தயாரில்லை.

பக்கத்தில் ஓடும் கால்வாயில் குளிக்கலாமா சார்?
கூடாது. சரிவான கான்கிரீட் கரை, இறங்கினால் ஏறப் பிடிமானம் இல்லை.

ஹூக்கப் (கரண்ட், தண்ணீர் கனெக்‌ஷன்) வசதி உள்ள இடம் எது?
ஸ்லாப் சிட்டியில் இல்லை, மேலே இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கிழக்கே மலைப்பக்கம் நடந்து போகலாமா?
சாக்லேட் மலையில் ராணுவம் இன்றும் குண்டு வீசிப் பயிற்சி எடுக்கிறது, ராத்திரியில் சத்தம் கேட்கும். வெடிக்காத குண்டுகள் கிடக்கும் இடம். எல்லைப் பலகையைத் தாண்டாதீர்கள், கீழே கிடக்கும் எந்த இரும்பையும் தொடாதீர்கள்.

இந்திய லைசென்ஸில் ஆர்வி தருவார்களா?
வாடகைக்கு விடும் கம்பெனியைக் கேளுங்கள். மண் ரோட்டுக்கு அனுமதி உண்டா என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், கூட்டிப்போகலாமா?
தாராளமாக, ஆனால் பகலில். காலையில் சால்வேஷன் மலை, அப்புறம் குப்பையிலிருந்தே சிற்பங்கள் செய்து வைத்திருக்கும் ஈஸ்ட் ஜீசஸ், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். ராத்திரிக்கு சால்டன் சீ மாநிலப் பூங்காவில் தங்குங்கள். ஹூக்கப் கேட்ட எல்லோருக்கும் இதே பதில்தான், அங்கே கனெக்‌ஷன் உள்ள இடங்கள் உண்டு.