ஜோகானஸ்பர்க் சரக்கு ஏன் டர்பனுக்கு வரவில்லை?

கேள்வி: ஐயா, என் கொள்ளுத்தாத்தா நேட்டால் ரயில்வேயில் கூலியாக இருந்தவர். 1910-ல் தென்னாப்பிரிக்காவின் ரயில்வேக்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. அப்புறமும் ஜோகானஸ்பர்க் சரக்கில் பாதி மொசாம்பிக் வழியாகப் போனதாமே, ஏன்?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: போனது உண்மைதான் அம்மா. அப்படித்தான் போகவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இணைப்புக்கு முந்தைய ஆண்டு, 1909 பிப்ரவரி 2-ல், கேப், டர்பன் இருக்கும் நேட்டால், ஜோகானஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வால் ஆகிய மூன்று அரசுகளும் சரக்கைப் பங்கு போட்டுக்கொண்டன. ஜோகானஸ்பர்க் வட்டாரத்துக்குப் போகும் கடல் சரக்கில் டெலகோவா விரிகுடாவுக்கு 50 முதல் 55 சதவீதம், டர்பனுக்கு 30, மிச்சம் கேப் துறைமுகங்களுக்கு. டெலகோவா என்றால் மொசாம்பிக்கில் இன்றைய மபுட்டோ துறைமுகம். அதே ஆண்டு ஏப்ரலில், அப்போது மொசாம்பிக்கை ஆண்ட போர்ச்சுகலோடும் டிரான்ஸ்வால் உடன்படிக்கை செய்தது. தங்கச் சுரங்கத்துக்கு மொசாம்பிக் ஆட்கள் தேவை. ஆள் தந்தால் சரக்கு தருகிறோம் என்ற பேரம். தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் அரசியல் சட்டத்தில் 148-வது பிரிவும், முடிந்த மட்டும் அந்தப் பங்கீட்டை நடத்தச் சொன்னது.

இங்கேதான் எனக்கு மனம் ஆறாது. டர்பனில் இறங்கும் மூட்டைக்கு, ஜோகானஸ்பர்க் வரை முழுக்கூலியும் புது ரயில்வேக்கே சேரும். டெலகோவாவில் இறங்கினால் எல்லை வரை போர்ச்சுகீசியர் தண்டவாளம், கோமாட்டிபோர்ட்டிலிருந்துதான் நம்முடையது. மூன்று அரசுகளின் ரயில்வேயும் ஒன்றான பிறகும், தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டிய நிலை. பங்கு பிசகினால் கட்டணத்தை ஏற்றி இறக்கிச் சரிசெய்வார்கள். தண்டவாளத்தில் ஒரு ஆணியைக்கூடத் தொடவேண்டாம், கட்டணப் பட்டியலில் ஒரு வரி மாறினால் போதும், கப்பலே வேறு துறைமுகம் தேடும். 1928-ல் போர்ச்சுகலோடு உடன்படிக்கையைப் புதுப்பித்தபோதும் டெலகோவாவின் பாதிப் பங்கு குறையவில்லை.

என் அப்பா டர்பன் சரக்குக் கொட்டகையில் வேகன் பக்கவாட்டில் சாக்குக்கட்டியால் ஊர்ப்பெயர் எழுதுவார். சாயங்காலம் வீடு வரும்போது விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக இருக்கும். 'எழுதறது நான், வழி சொல்றது பிரிட்டோரியா' என்பார்; அரசாங்கம் இருந்த ஊர் அது. நம்மவர்கள் வெட்டிப் போட்ட பாதையில் என்ன ஓடும் என்பதை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. இதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க எனக்கு மனசில்லை.

கொள்ளுத்தாத்தாவின் காகிதம் ஏதாவது இருந்தால் தலைப்பைப் பாருங்கள். என்.ஜி.ஆர். (நேட்டால் அரசு ரயில்வே) என்றிருந்தால் இணைப்புக்கு முன், எஸ்.ஏ.ஆர். (தென்னாப்பிரிக்க ரயில்வே) என்றிருந்தால் பின்.