யாருடைய படத்தை வைப்பது?

கேள்வி: எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நீலகிரியின் சான்றோர்களுக்குப் புகழ் மண்டபம் அமைக்க இளைஞர்கள் விரும்புகிறார்கள். இதனால் பயன் உண்டா? யாரைச் சேர்ப்பது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: பயன் நிச்சயமாக உண்டு, தேர்வு முறை நேர்மையாக இருந்தால்தான் அது நிலைக்கும். அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ஒரு வீரர் இடம்பெற, பத்துப் பருவங்கள் ஆடி, ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகு, வாக்களிக்கும் செய்தியாளர்களில் 75 சதவீதத்தினரின் ஆதரவைப் பெற வேண்டும். அந்தக் காத்திருப்பு மிக நல்ல ஏற்பாடு; ஆரவாரம் அடங்கிய பின்னரே ஒருவரின் பணியை நிதானமாக எடைபோட முடியும். நியூயார்க்கில் 1900இல் நிறுவப்பட்ட பெரியோர் மண்டபத்திலிருந்தோ, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தரப்பின் தளபதிகள் இருவரது மார்பளவுச் சிலைகள் 2017இல் அகற்றப்பட்டன.

ஆகவே உயிருடன் இருப்பவர்களையும் நன்கொடையாளர்களையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். படத்தின் கீழ் ‘சமூக சேவகர்’ என்று மட்டும் எழுதினால் பிள்ளைகள் கடந்து போய்விடுவார்கள். அக்கம்மா தேவியின் படத்தின் கீழ், படுகர் பெண்களில் முதல் பட்டதாரி, 1962இல் நீலகிரியின் மக்களவை உறுப்பினரானவர் என்று எழுதுங்கள். மாணவியர் நின்று படிப்பார்கள். பெயர் பதிவாகாத தோடர் பூத்தையல் பெண்கள், கோத்தர் கைவினைஞர்கள் ஆகியோருக்கும் ஒரு சுவரை ஒதுக்குவது மிக அவசியம் என்பது என் உறுதியான கருத்து. நம் மலை ஈரத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பூஞ்சை படரும் என்பதால், ஆண்டுதோறும் பராமரிப்பவர் யார் என்பதையும் முதல் கூட்டத்திலேயே தீர்மானித்துவிடுங்கள்.