‘பொல்லாதவன்’ படப் பாட்டில் கோலாலம்பூர் ராப் எப்படி வந்தது?

தனுஷ் நடித்த ‘பொல்லாதவன்’ (2007) படத்தில் வரும் ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டைத்தானே கேட்கிறீர்கள்? அதில் ராப் பாடுபவர் எங்கள் கோலாலம்பூர்க்காரர், யோகி பி.

மூலப் பாட்டு 1979-இல் வந்தது. கே. பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்தது, பாடியவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். மேடையில் பாடும் இளைஞர்களின் கதை என்பதால் மெட்டிலேயே ஒரு துள்ளல் இருந்தது. ராப் வந்து உட்கார இடம் தானாகவே கிடைத்துவிட்டது என்பேன்.

யோகி பி அன்று புதியவர் இல்லை. தொண்ணூறுகளில் கோலாலம்பூரில் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் ஆங்கிலத்திலும் பாடியவர். 2006-இல் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவருடன் சேர்ந்து ‘வல்லவன்’ ஆல்பம் போட்டார். அதில் இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து, நடுவே தமிழ் ராப் சேர்த்திருந்தார்கள். அப்புறம் என்ன, எங்கள் ஊர் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் சிடி கடை வாசலைத் தாண்டினாலே அதுதான் காதில் விழும். அண்ணன் காரில் ஏறினால், மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு போய்ச் சேருவதற்குள் மூன்று முறை ஓடிவிடும். அம்மாவுக்குக்கூட ராப் வரிகள் பாதி மனப்பாடம்.

பழைய மெட்டுக்கு நடுவே புதிய ராப் என்ற அந்த உத்திதான் ‘பொல்லாதவன்’ பாட்டிலும் இருக்கிறது. என்னைக் கேட்டால் ‘மடை திறந்து’தான் ஒரு படி மேல். சினிமாக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.