கொடுக்கு கழன்ற களப்பு நண்டு பிழைக்குமா?

வலையிலிருந்து எடுக்கும்போது நண்டின் வலது கொடுக்கு அடியோடு கழன்றுவிட்டது, தொட்டியில் வைத்தால் பிழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பிழைக்கும். அடியோடு போனதே நல்லது. அந்த இடத்தில் பிறவியிலேயே ஒரு முறிகோடு உண்டு. அதில் கழன்றால் உள்ளே இருக்கும் சவ்வு உடனே மூடி இரத்தத்தை நிறுத்திவிடும். நடுவில் நசுங்கி ஒடிந்திருந்தால்தான் கவலை.

சில வாரங்களில் அந்த இடத்தில் மொட்டு மாதிரி ஒன்று தெரியும். உள்ளே குட்டிக் கொடுக்கு மடிந்து கிடக்கும். நண்டு ஓடு கழற்றும்போதுதான் அது விரியும். முதலில் சிறிதாகத்தான் இருக்கும், பழைய அளவு வர இரண்டு மூன்று தடவை ஓடு மாற வேண்டும். பெரிய நண்டு அடிக்கடி ஓடு மாற்றாது, அதனால் பொறுமை வேண்டும்.

களப்பு நண்டுக்குச் சிப்பி உடைக்கும் கொடுக்கு பெரும்பாலும் வலதுதான். ஆகவே மட்டியை ஓட்டோடு போடாமல் சதையை நறுக்கிப் போடுங்கள். ஓடு மாறியதும் உடம்பு மெத்தென்று இருக்கும். பக்கத்தில் இன்னொரு நண்டு இருந்தால் தின்றே விடும், தனியாக வையுங்கள். கழற்றிய ஓட்டை எடுத்து எறியாதீர்கள், அதையே தின்று சுண்ணாம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

விற்கத்தான் யோசனை என்றால், இவ்வளவு காத்திருப்பது கட்டாது. நீங்கள் இருப்பது திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாப் பக்கம் என்றால் இன்றே கறிக்குக் கொடுத்துவிடுங்கள்.