சாலை வடிவமைப்பைச் சோதிக்க ஓட்டுநர் சிமுலேட்டர் (திரையில் தெரியும் சாலையைப் பார்த்து வண்டி ஓட்டும் கருவி) போதுமா? அது காட்டும் வேகத்தை நம்பலாமா?

"இந்த இரண்டு வடிவமைப்புகளில் எது ஓட்டுநரை மெதுவாகப் போகவைக்கும்?" என்பது கேள்வியென்றால் நம்பலாம். "இந்த வளைவில் வண்டிகள் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகும்?" என்றால் அது காட்டும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். இருக்கை அசையாத சிமுலேட்டரில் உடல் குலுங்குவதில்லை. திரை குறுகலாக இருந்தால் பக்கவாட்டில் மரங்கள் விரைந்து பின்னோடுவதும் கண்ணில் படாது. அதனால் தன் வேகம் குறைவு என்று நினைத்து, பலரும் சாலையில் ஓட்டுவதைவிட வேகமாக ஓட்டுவார்கள். இந்தப் பிழை இரண்டு வடிவமைப்பிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் ஏறும். ஆகவே எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை.

ரவுண்டானாவுக்கு முன் சாலையின் குறுக்கே மஞ்சள் கோடுகள் போட்டு, நெருங்க நெருங்க இடைவெளியைக் குறைக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். வேகம் கூடுவதுபோன்ற உணர்வைத் தந்து காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கவைப்பதே நோக்கம். பிரிட்டனில் டென்டன் என்ற ஆய்வாளர் இதை ஆய்வகத்தில் சோதித்தார்; 1970களில் ஸ்காட்லாந்தின் நியூபிரிட்ஜ் ரவுண்டானாவில் அது சாலைக்கே வந்தது.

இதை நீங்கள் சோதிப்பதானால், கோடு உள்ள சாலையிலும் இல்லாத சாலையிலும் ஒரே ஆளையே ஓட்டவையுங்கள். பாதிப்பேருக்கு வரிசையை மாற்றுங்கள். நடுவே சம்பந்தமில்லாத சாலைகளைச் சேர்த்தால்தான் எதைச் சோதிக்கிறீர்கள் என்பதை ஊகிக்க மாட்டார்கள். முதல் 10 நிமிடம் பழக்க ஓட்டம். அந்தத் தரவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ரவுண்டானாவுக்கு முன் குறைந்தது 1 கிலோமீட்டர் நேர்சாலை இருக்கட்டும், வேகம் நிலைப்பட அது வேண்டும். நுழைவில் மட்டும் அளந்தால் போதாது. 400 மீட்டர் முன்னிருந்தே 50 மீட்டருக்கு ஒருமுறை வேகம், ஆக்சிலரேட்டரை விட்ட இடம், பிரேக்கை மிதித்த இடம் எல்லாம் பதிவாக வேண்டும். தடத்தின் அகலத்தைச் சோதிப்பவர்கள் வண்டி பக்கவாட்டில் அலையும் அளவின் திட்டவிலக்கத்தையும் (சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) பார்க்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது திரையில்தான். 60 பாகைக் காட்சிக்கு 1920 புள்ளிகள் (பிக்சல்) என்றால் ஒரு புள்ளி ஏறத்தாழ 1.9 கலை (ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு 1 கலை). நல்ல பார்வையுள்ள கண் 1 கலையைப் பிரித்தறியும். ஆகவே திரையில் சாலையோர அறிவிப்புப் பலகையின் எழுத்தைப் படிக்க, நிஜத்தைவிடப் பாதித் தூரத்துக்கு நெருங்க வேண்டியிருக்கும். அதைப் பலகையின் குறை என்று எழுதிவிடக் கூடாது. அடுத்தது படவேகம். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். நொடிக்கு 60 படம் என்றால் படத்துக்குப் படம் 42 சென்டிமீட்டர் நகர்வு. அதே இடைவெளியில் நெருக்கமாகப் போட்ட கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும்!

குமட்டல் இன்னொரு தலைவலி. 90 பாகைத் திருப்பங்களும் திடீர் பிரேக்கும்தான் அதிகம் வரவழைக்கும். அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள், ஓட்டங்களைச் சுருக்குங்கள், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அறிகுறிப் படிவம் நிரப்பச் சொல்லுங்கள். பாதியில் எழுந்துபோனவர்களின் வயதையும் அறிக்கையில் எழுதுங்கள். முதியவர்களே அதிகம் விலகியிருந்தால் உங்கள் முடிவு இளையவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

கோட்டை முதன்முறை பார்ப்பவர் திடுக்கிட்டு வேகத்தைக் குறைப்பார்; தினமும் அவ்வழியே போகிறவர் அப்படிக் குறைப்பார் என்பது நிச்சயமில்லை. அதே ஆட்களைச் சில நாள் கழித்து மறுபடி அழைத்து ஓட்டவையுங்கள். முடிந்தால், ஏற்கெனவே உள்ள ஒரு சாலையையும் சிமுலேட்டரில் அப்படியே உருவாக்கி, ரேடார் துப்பாக்கியால் அங்கே அளந்த வேகங்களோடு ஒப்பிட்டுவிட்டுப் புது வடிவமைப்புக்குப் போங்கள்.