பொம்மை உட்கார்ந்த இடம்

மதிப்பிற்குரிய ஐயா,

பெங்களூரு பெல்லந்தூரில் தனியாக வசிக்கிறேன். வயது 43, மணமுறிவாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஆள் உயரத் துணைப் பொம்மை ஒன்றை வாங்கினேன்; 158 செ.மீ., 34 கிலோ. தவறாக நினைக்கவேண்டாம். சேலையோ சுடிதாரோ உடுத்தி வீட்டிலேயே படம் எடுக்கிறேன். எப்படி எடுத்தாலும் தோல் மினுங்கி, கடைப் பொம்மையாகவே தெரிகிறது. அலுவலக நண்பர்கள் பார்த்து “யார் இவர்?” என்று கேட்கும் அளவுக்கு இயல்பாக வரவேண்டும். புதிய கேமரா வாங்கவேண்டுமா? ஐந்து படங்களை இணைத்துள்ளேன். மூன்றாவது கைதவறி எடுத்தது, மன்னிக்கவும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். “தவறாக நினைக்கவேண்டாம்” என்பது அதில் நான்கு இடங்களில் இருந்தது. நினைக்கவில்லை. ஆனால் அலுவலக நண்பர்கள் கேட்கவேண்டும் என்கிறீர்களே, அது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. கேட்டால் ஒரு பெயரைச் சொல்வீர்கள், பிறகு அந்தப் பெயருக்கு ஓர் ஊர், ஒரு வேலை, பண்டிகைக்கு வராததற்கு ஒரு காரணம் என்று கட்டிக்கொண்டே போவீர்கள். வெட்கப்படவேண்டியது அதற்குத்தான், பொம்மைக்கு அல்ல.

கேமரா வேண்டாம், கைபேசி போதும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, வெள்ளைத் திரையிட்ட சன்னலுக்குப் பக்கவாட்டில் அமர்த்துங்கள். மினுக்கத்துக்கு முகப்பவுடரை மெல்லத் தட்டினால் போதும். முகத்தருகே கைபேசியை நீட்டினால் மூக்கு பெருத்துவிடும் என்பதால் ஆறடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கருநிறப் புதுத்துணியைத் துவைக்காமல் உடுத்தினால் சாயம் அந்தத் தோலில் ஏறிவிடும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ இயல் பேராசிரியர் 1970இல் எழுதிய சிறு கட்டுரையில், மனிதனை ஏறக்குறைய ஒத்திருக்கும் பொருளே நம்மைக் கூசவைக்கிறது என்றார். அசல் போன்ற செயற்கைக் கையைக் குலுக்கும்போது அதன் குளிர்ச்சியில் திடுக்கிடுவதை எடுத்துக்காட்டாகச் சொன்னார், அசைவு சேர்ந்தால் கூச்சம் இன்னும் கூடும் என்றார். புகைப்படத்தில் தொடுகையும் இல்லை, அசைவும் இல்லை. அதனால் உங்கள் பாதி வேலையைப் படமே செய்துகொடுத்துவிடுகிறது. அப்படியிருந்தும் பொம்மை காட்டிக்கொடுக்கிறது என்றால், காரணம் தோல் அல்ல, பாரம்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் என் தாய்மாமா. 1980களில் உங்கள் பெங்களூரின் சிக்பேட்டைப் பட்டுக்கடை ஒன்றில் பொம்மைகளுக்குச் சேலை கட்டுவது அவர் வேலை. பள்ளி விடுமுறையில் அல்சூரிலிருந்து என்னை உடன் அழைத்துப் போவார். இடுப்பில் பழைய பருத்தித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் சேலையைக் கட்டி, கொசுவத்தை நீவி முடித்தபின், முழங்காலுக்குப் பின்புறம் வரும் இடத்தை மட்டும் கைப்பிடிக்குள் வைத்துக் கசக்கிவிடுவார். ஆயிரக்கணக்கில் விலையுள்ள பட்டைக் கசக்குகிறாரே என்று முதலாளி பதறியபோது, “உட்கார்ந்து எழுந்த சேலைதாங்க உயிரோட இருக்கும்” என்றார். சேலையை மாற்றும்போது ஒரு வேட்டியைத் திரையாகப் பிடிக்கச் சொல்லி என்னை நிறுத்துவார். கடைப் பையன்கள் சிரிப்பார்கள். அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. எனக்குக் கை கடுக்கும், தாழ்த்தினால் திட்டுவார்.

உங்கள் படங்களில் சோபா மெத்தை சமமாக இருக்கிறது. 34 கிலோ எடை, ஐம்பத்தைந்து கிலோ பெண் உட்கார்ந்த குழியைத் தராது. அந்தக் குறை கண்ணுக்குப் புலப்படாமலே மனத்துக்குப் புலப்பட்டுவிடுகிறது. எனவே முதலில் நீங்கள் பத்து நிமிடம் அங்கே உட்காருங்கள், எழுந்தவுடன் அந்தக் குழியிலேயே அமர்த்துங்கள். முதுகை இருக்கையோடு நன்றாக ஒட்டுங்கள், தொடைக்கும் மெத்தைக்கும் நடுவே வெளிச்சம் புகக்கூடாது. விறைத்து நிற்கும் விரல்களுக்கு ஒரு தம்ளரைக் கொடுங்கள். துவைத்து இஸ்திரி போட்ட சுடிதாரை ஒருநாள் நாற்காலியில் சுருட்டிப் போட்டுவையுங்கள். லென்ஸ், லென்ஸ் என்று இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், ஒரு மடிப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே!

அந்த மூன்றாவது படத்தில் முகம் பாதி இருட்டில் இருக்கிறது. துப்பட்டா ஒரு தோளிலிருந்து நழுவி நாற்காலிக் கையில் கிடக்கிறது, ஓரத்தில் நீங்கள் குடித்து வைத்த காப்பித் தம்ளரும் படத்தில் பதிந்திருக்கிறது. மற்ற நான்கையும் அழித்துவிடுங்கள்.